கடலுக்கு முதுகு காட்டி நின்றோம்

என் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த எட்டாவது மாதம் நாங்கள் கடற்கரைக்குப் போனோம். அதற்குள் என் மகள் என்னிடம் தலை பின்னிக்கொள்வதை நிறுத்தியிருந்தாள். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில் நான் சீப்பை எடுத்துக்கொண்டு கூப்பிட்டபோது, சித்தி ஏற்கெனவே பின்னிவிட்டாள் என்று தலையைத் திருப்பிக் காட்டினாள். நான் போடுவதைவிட இறுக்கமான, நேரான பின்னல். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சீப்பை அலமாரியில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். அன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைத்துப் போட்டேனோ தெரியாது.

சிவகாசியில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். என் கணவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். சாரணர் படையும் அவர் பொறுப்பு. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கொழுந்தனார் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் கலர் மெஷினில் வேலை பார்த்தார். எங்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. புதிதாக வந்தவள் வைப்பாறு பக்கத்துக் கடற்கரைக்காரி. அவளுடைய அப்பாவும் உபாத்தியாயர்தான். எங்களைப்போலக் கோயிலுக்குப் போய் ஜெபம் செய்கிற வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், பத்தாவது வரை படித்தவள், வயது இருபத்திரண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லாத பெண். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் சாயந்தரம் ஐந்து மணிக்குச் சாக்பீஸ் தூசியும் தொண்டைக் கட்டுமாக வீட்டுக்கு வருவேன். அவர்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் ஈரத் தரையில் உட்கார்ந்து தட்டாங்கல் ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் வந்ததும் சிரிப்பு ஒரு சுற்றுக் குறையும். என்னைக் கண்டு பயந்து அல்ல. வாத்தியாரம்மா வந்தால் எந்த இடத்திலும் சிரிப்பு ஒரு சுற்றுக் குறையத்தான் செய்யும். அவள் உடனே எழுந்து எனக்குக் காப்பி போடப் போவாள். மகளும் அவள் பின்னாலேயே போவாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் சிதறிக் கிடக்கும் கற்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நயா பைசா வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மே மாத லீவில் என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்துச் சாரணர் கூடாரம் ஒன்று சும்மா கிடக்கிறது, ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடற்கரையில் ஒரு நாள் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். கொழுந்தனாருக்குத் தெரிந்த லாரி ஒன்று வைப்பாற்றுக்கு உப்பு லோடு எடுக்கப் போகிறது. போகும்போது காலி வண்டியில் போய், திரும்பும்போது உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து வந்துவிடலாம். எனக்கு இஷ்டமில்லை. வெயில், லாரி, தண்ணீர், பாம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல மகளுடைய முகம் சித்தி பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் சித்தி, “நம்ம ஊருதானக்கா, எனக்குத் தெரியாத எடமா” என்று சொன்னதும் எல்லாம் முடிவாகிவிட்டது.

விடியும்போது சாத்தூர்ப் பாலத்தைத் தாண்டினோம். பாலத்துக்குக் கீழே வைப்பாறு வெறும் மணலாகக் கிடந்தது. இதே ஆறுதான் கடலுக்குப் போகிறது, அங்கேயும் தண்ணீர் இருக்காது என்று நான் மகளிடம் சொன்னேன். “கடல்ல இருக்கும்லம்மா” என்றாள். லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

எட்டு மணிக்கு டிரைவர் எங்களை இறக்கிவிட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனார். ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே. ஒரு மனிதர் இல்லை. பின்னால் கண்ணுக்கு எட்டும்வரை உடைமரமும் வெந்த மண்ணும். நடு நடுவே பனைகள். முன்னால் கடல். அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. குளம் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய வெறுமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் ஒரு ஷெட், ஒரு போர்டு, வெயிலில் காய்கிற தீக்குச்சி என்று ஏதாவது இருக்கும்.

என் கணவர் கூடாரத்தை விரித்து முளை அடித்தார். மணலில் முளை நிற்கவில்லை. அடித்த கையை எடுத்ததும் சாய்ந்தது. சாரணர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் கூடாரம் போடக் கற்றுக்கொடுத்தவர் வியர்த்துப்போய் நின்றார். அவள் போய் முளையைப் பிடுங்கி, மணலில் முழங்கை ஆழம் குழி பறித்து, முளையைக் குறுக்கே படுக்கவைத்து, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி மூடி மிதித்தாள். கயிற்றை இழுத்துப் பார்த்தார் என் கணவர். அசையவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வருஷம் பையன்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கப்போகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். பதினோரு வருஷத்தில் நான் செய்த எதையும் அவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னதில்லை.

அடுத்தது அடுப்பு. மூன்று கல் தேடிவைத்துச் சுள்ளி பொறுக்கிய பிறகுதான் தெரிந்தது, எங்களில் ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. அந்த லாரி மற்ற நாட்களில் பட்டாசு லோடு ஏற்றுகிற வண்டி. தீப்பெட்டி வைத்திருக்கிறவர்களை டிரைவர் ஏறவே விடமாட்டார் என்பது தெரிந்ததால் நாங்கள் எல்லாரும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊர்க்காரர்கள் பச்சை மீனும் பச்சை அரிசியுமாக உட்கார்ந்திருந்தோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு பனைகளுக்குள் தனியாக நடந்துபோய், எங்கிருந்தோ நெருப்புக் கங்கு வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு முன்பகல் முழுவதும் எல்லாருக்கும் நல்லபடியாகத்தான் போயிற்று. கொழுந்தனார் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடாரத்து நிழலில் மல்லாந்து கிடந்தார். மை ஏறிய நகங்களை மணலில் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பதநீர் இறக்கிக்கொண்டு போன ஒருவரைக் கூப்பிட்டுப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தோம். என் கணவர் பகலில் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமைகூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே கண்ணயர்கிற மனிதர், வாயைத் திறந்துகொண்டு, காலை அகட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரித் தூங்கினார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. நான் ஒரு வீட்டை இத்தனை வருஷமாக ஒழுங்காக நடத்தியும் இவருக்கு இப்படி ஒரு தூக்கத்தைக் கொடுக்க முடியவில்லையே என்றிருந்தது.

விடிவதற்கு முன்னால் எழுந்து நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. காலையிலேயே கட்டுமரக்காரர் ஒருவரிடம் அவள் பேரம் பேசி வாங்கிய மீன் குழம்பாவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவளும் மகளும் தண்ணீரில் இருந்தார்கள். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அவள் நின்றாள். என் மகளை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் ஒரு உள்ளங்கையை மட்டும் கொடுத்திருந்தாள். மகளுடைய முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கண்ணை மூடியிருந்தாள். காய்ச்சலில் கிடந்தபோதும் என் மடியில் அவள் அப்படித் தன்னை விட்டுவிட்டுப் படுத்து நான் பார்த்ததில்லை. என் மடியில் படுத்தால் ஒரு கை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே இரண்டு கையும் விரிந்து கிடந்தன.

நான் கரையிலிருந்து கூப்பிட்டேன். மீனை எடுத்துவைத்து எவ்வளவு நேரமாகிறது, கெட்டுப்போகும், எனக்குக் கடல் மீனைச் செதில் சீவி ஆயத் தெரியாது, நீ வந்து ஆய்ந்து கொடு என்றேன். அது பொய். மீன் ஆய எனக்குத் தெரியும். அவள் மகளையும் கூட்டிக்கொண்டு கரையேறப் பார்த்தாள். மகள் இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினாள்.

“அவ இருக்கட்டும். நான் பாத்துக்கிடுறேன்” என்றேன்.

“முழங்காலுக்கு மேல போக விட்டுறாதீகக்கா. அந்தால ஆத்து வாய்க்கால் ஓடுது, திடீர்னு பள்ளம்” என்று கையைக் காட்டிச் சொன்னாள். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல என் மகளுடைய விஷயத்தை எனக்கே சொல்கிறாள் என்று நினைத்தேன். சரி என்றேன். அவள் கூடாரத்துக்கு அந்தப் பக்கம், அடுப்படியில் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் ஓரத்தில் நின்றேன். மகள் என்னோடு பேசவில்லை. முழங்கால் தண்ணீரில் தானாகவே மல்லாக்கச் சாய்ந்து பார்த்து, முடியாமல் எழுந்து, மறுபடி சாய்ந்துகொண்டிருந்தாள். அவள் என்னை உதவிக்குக் கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

அப்போது வெடிச் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. உடம்பு செய்வது அது. சில்லறைச் சத்தங்களை நாங்கள் காதில் வாங்குவதில்லை. பாத்திரம் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால், வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தத் திசையில் எழுகிறது என்று தெரிந்தால் எந்த ஊர்ப் பக்கம் என்று தெரியும். எந்த ஊர் என்று தெரிந்தால் யார் வீட்டு ஆள் அங்கே பட்டாசு வேலைக்குப் போயிருக்கிறது என்று தெரியும். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பும். விஸ்வநத்தம் பக்கம் புகை தெரிந்தால் யார் யாரை எழுப்பி என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அழுவதும் ஓடுவதும் அதற்குப் பிறகுதான். முதலில் புகையைப் பார்ப்போம்.

கடலுக்குள் தொலைவில் யாரோ வெடித் தோட்டா போட்டு மீன் பிடித்திருக்கிறார்கள். சத்தம் வந்தது கடலிலிருந்து. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். சத்தம் கேட்ட நொடியில் நான் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். கூடாரத்திலிருந்து என் கணவர் எழுந்து ஓடிவந்து என் பக்கத்தில் நின்று வடமேற்கே பார்த்தார். கொழுந்தனாரும் வந்தார். நாற்பது ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கிற ஊரில் வெடித்தால் இங்கே கேட்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். அதை ஒருவரும் நினைக்கவில்லை.

ஏனென்றால் புகை இருந்தது. பனைகளுக்கு அப்பால் வெள்ளையாக, நேராக, ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது.

எவ்வளவு தூரம் இருக்கும் என்று பேசினோம். கொழுந்தனார் இரண்டு மைல் என்றார். இங்கே ஏது கம்பெனி, புதிதாக யாராவது ஷெட் போட்டிருக்கிறார்களா என்று என் கணவர் கேட்டார். வெள்ளையாக இருக்கிறது, வெடிமருந்துப் புகை இல்லை என்று நான் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட அண்ணனும் தம்பியும் பேசினார்கள். அது கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையின் புகை. காலையில் எங்கள் அடுப்புக்கு நெருப்புக் கொடுத்த குடிசை. அதை அறிந்த ஒருத்திக்கு அந்தப் புகையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று பல வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு கர்த்தர் ஜெபம் சொல்கிற நேரம், அரை நிமிஷம் இருக்கலாம். எங்களுக்குப் பக்கவாட்டில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டுத் திரும்பியபோது, கையில் மீன் கத்தியோடு அவள் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தாள். கத்தியை எறிந்தாள். அது வெயிலில் மின்னி விழுந்தது. அதற்கப்பால் கடல் காலியாக இருந்தது. என் மகள் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அந்தக் காலியான தண்ணீரை நான் பார்த்த அந்த ஒரு கணத்தை எழுத எனக்கு வரவில்லை. இப்போது என் மகளுக்குப் பதினேழு வயது. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கத்தியை எறிந்தவள் முங்கினாள். எழுந்தாள். மறுபடி முங்கினாள். எழுந்தபோது மகளுடைய பின்னல் அவள் கையில் இருந்தது. அவள் பின்னிய அந்த இறுக்கமான பின்னலைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். கரையில் முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. பிறகு இருமல். பிறகு அழுகை. நான் மணலில் தவழ்ந்துபோய்க் கையை நீட்டினேன். மகள் கண்ணைத் திறந்து, என் கையைத் தாண்டி, சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்ற நினைப்புக்கு முன்னால் எனக்கு வந்தது என்ன என்பதை யாரிடமும் சொன்னதில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்ட அந்த இரண்டு சின்னக் கைகளைப் பார்த்து என் வயிறு எரிந்தது. தோத்திரம் சொல்ல வேண்டிய வாய் ஒட்டிக்கொண்டது.

கொழுந்தனார் தன் மனைவி மேல் பாய்ந்தார். பயத்தில் வந்த கோபம்தான். “பச்சப்பிள்ளையத் தண்ணிக்குள்ள தனியா விட்டுப்பிட்டு மீனா ஆஞ்சுக்கிட்டு இருந்த? அறிவிருக்கா ஒனக்கு?” என்றார்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பேசுவேன் என்று ஒரு நொடி விட்டாள். நான் பேசவில்லை.

“என் தப்புத்தான்” என்றாள்.

என் கணவர் யாரையும் வையாதவர். அவர் என் மகளை அவளிடமிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்துக்கொண்டு, இனிமேல் பிள்ளையை உன்னிடம் விட முடியாதம்மா என்று சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். மகளை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். எட்டு மாதமாக நான் ஆசைப்பட்டது என் மடிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மீனை யாரும் சாப்பிடவில்லை. சாயந்தரம் லாரி வந்தது. கூடாரத்தைப் பிரிக்கும்போது, புதைத்த முளைகளை அவள் ஒருத்தியே தோண்டி எடுத்தாள்; யாரும் உதவவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வாரம் எல்லாம் நான் விரும்பியபடியே நடந்தது. மகளுக்கு நான் தலை பின்னினேன், சோறு ஊட்டினேன், என் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டேன். லீவு ஆதலால் நாள் முழுவதும் என்னோடுதான் இருந்தாள். சித்தியோ அடுக்களையிலும் கிணற்றடியிலும் வேலையை முடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். பிள்ளை வரும் வழியில்கூட நிற்கமாட்டாள். கொழுந்தனார் மனைவியோடு சரியாகப் பேசுவதில்லை. தனி வீடு பார்க்கப்போவதாக என் கணவரிடம் சொல்லியிருந்தார்.

மகள் அடங்கி இருந்தாள். தலை பின்னும்போது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஆனால் பின்னி முடித்து நான் முகத்தைத் திருப்பியதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் இருக்கும்போதும் என்னைத்தான் பார்ப்பாள். இவ்வளவு ஆசையா என் மேல் என்று நினைத்து நான் மனதுக்குள் நிறைந்துபோவேன்.

ஒரு சனிக்கிழமை, கடற்கரைக்குப் போய் வந்த பிறகு முதல் தடவையாகத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். செம்பில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றியதும் வீறிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. சரி சரி, இனி ஊற்றவில்லை, ஒன்றுமில்லை என்று அணைத்துக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்துச் சொன்னாள். சத்தம் கேட்டதும் அவளும் புகையைப் பார்க்கத்தான் கரைப் பக்கம் திரும்பினாளாம். எங்கள் மூன்று பேர் முதுகும் மறைத்ததாம். புகை தெரியவில்லை என்று பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனாளாம். அப்புறம் காலுக்குக் கீழே மணல் இல்லை.

“ஒன்னத்தாம்மா கூப்பிட்டேன். நீ அங்கிட்டு பாத்துக்கிட்டு நின்ன.”

எனக்குக் கேட்கவில்லை என்றேன். உண்மையிலேயே கேட்கவில்லை.

“நீதான பாத்துக்கிடுறேன்னு சித்திகிட்ட சொன்ன. சித்திய எல்லாரும் வையிறாக. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு தெனமும் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

செம்பைக் கீழே வைத்தேன். மூன்று வாரமாக அவள் என் முகத்தில் எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் அவளை ஒரு தடவை கடலில் கைவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அவள் கண் முன்னாலேயே கைவிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது. வேறு குரல் என்னிடம் இல்லை. மீன் ஆய எனக்குத் தெரியும், பொய் சொல்லிக் கூப்பிட்டேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன், இவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஏன் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் கணவர் இலையைப் பார்த்தபடி, “நானுந்தான திரும்பி நின்னேன்” என்றார். கொழுந்தனார் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

“இதுக்கு மூணு வாரமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

சாயந்தரம் கிணற்றடியில் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவள், அன்றைக்கு ஏன் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். என்னைவிட நல்லவள் என்று காட்டத்தான் என்று அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

“ஒங்க மொகத்தப் பாக்க முடியலக்கா. அந்தானிக்கு அப்படியே விழுந்துருவீகன்னு நெனச்சேன். ஊருக்கு வந்ததும் நீங்களே பெரியத்தான்கிட்டச் சொல்லிருவீகன்னு இருந்தேன்.” வாளியை இறக்கினாள். “ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும்.”

கொஞ்ச நாள் இருந்தது. தனி வீட்டுப் பேச்சு நின்றுபோயிற்று. மகள் அன்றைக்கே அவளிடம் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் தண்ணீர்ப் பயம் போகவில்லை. செம்பைக் கண்டாலே உடம்பு விறைக்கும். துணியை நனைத்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தோம். கிணற்றுப் பக்கமே வரமாட்டாள். டாக்டர் போகப் போகச் சரியாகும் என்றார். அடுத்த கோடை வரை சரியாகவில்லை.

மே மாதம் பிறந்ததும் அவள் என்னிடம் வந்து, தன் அப்பா வீட்டுக்குப் பத்து நாள் போகப்போவதாகவும், மகளையும் கூட்டிக்கொண்டுபோய் நீந்தக் கற்றுக்கொடுக்கலாம் என்று இருப்பதாகவும் சொன்னாள். நீந்தத் தெரிந்தால்தான் இந்தப் பயம் போகும் என்றாள். இந்தத் தடவை எல்லாரும் முடிவு செய்துவிட்டு வரவில்லை, என்னிடம் கேட்டாள். நீங்களும் வாருங்கள் என்றாள். எனக்குப் பள்ளிக்கூடத்து வேலை இருக்கிறது என்றேன். லீவில் என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய உள்ளங்கையில் என் மகள் கண்ணை மூடிப் படுத்திருப்பதை இன்னொரு தடவை கரையில் நின்று பார்க்க என்னால் முடியாது. அனுப்பாமல் இருக்கவும் என்னால் முடியாது. நான் சரி என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் சித்தியின் முந்தானையைப் பிடித்திருந்தாள். வேண்டாம், இறங்கிவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மகள் குனிந்து, “நீ வராததுதாம்மா நல்லது. நீ பயந்தா எனக்கும் பயம் வரும்” என்றாள்.

அந்தப் பத்து நாளும் நான் வீட்டில் என்ன செய்தேன் என்று நினைவில்லை. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் வந்தால் வாசற்கதவைச் சாத்துவேன். என் கணவர், ஒன்றும் வராதுடி என்று சொல்லிக்கொண்டே, தபால் வருகிற நேரத்துக்கு என்னைவிட முன்னால் வாசலில் நிற்பார்.

பதினோராம் நாள் வந்தார்கள். மகள் கறுத்து, உதடு வெடித்து, தலைமுடி கயிறாகத் திரிந்து வந்தாள். வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்ச் செம்பை எடுத்துத் தானே தலையில் ஊற்றிக்கொண்டாள். நான் பார்க்க வேண்டும் என்றுதான் ஊற்றினாள். பிறகு ஈரத் துணியோடு அடுக்களைக்கு வந்து சொல்ல ஆரம்பித்தாள். நான்காம் நாள் வரை அழுதாளாம். ஆறாம் நாள், கழுத்தளவு தண்ணீரில், சித்தி சொல்லாமலேயே கையை எடுத்துவிட்டாளாம். இவள் மிதந்தாளாம். எடுத்ததே தெரியாதாம்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்போது என்னை நினைத்தாயா என்று கேட்டேன்.

“இல்லம்மா. தண்ணில கெடக்கும்போது யாரையும் நெனைக்கக் கூடாதுன்னு சித்தி சொல்லியிருக்கா. நெனச்சா ஒடம்பு கனத்து முங்கிருவோமாம்.”

அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே, இரண்டு பேருக்கும் சோறு போட எழுந்தேன்.